57 பெரிதா, 43 பெரிதா?



மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது, "நயாகரா பார்த்தீங்களா டீச்சர்?" என்பதைத்தான். பார்க்கவில்லை. அது நாட்டின் கிழக்கே இருக்கிறது. என் மகள் இருப்பது மேற்குக் கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். (தலைநகரமான வாஷிங்டன் வேறு, இந்த வாஷிங்டன் மாநிலம் வேறு. மேப்பில் குச்சி வைத்துக் காட்டினால் இன்னும் சில பேர் தப்பாகத்தான் காட்டுவீர்கள், எனக்குத் தெரியும்.)

நான் அங்கே போய்ப் பார்த்தவை ஒரு பள்ளிக்கூட போர்டுக் கூட்டம், ஓட்டு எண்ணும் ஓர் இடம், ஒரு வீட்டு வரிச் சீட்டு, தபாலில் வந்த சில காகிதங்கள். கேட்பதற்குச் சப்பென்று இருக்கும். ஆனால் அமெரிக்காவில் அரசாங்கம் என்பது சாதாரண மனிதர்களின் வீட்டு வாசலுக்கு எப்படி வருகிறது என்பதை அவற்றில்தான் பார்த்தேன். என் மகளுக்கு அதில் ஒரு மனக்கஷ்டமும் இருந்தது. அதையும் சேர்த்து எழுதுகிறேன். நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஓட்டு.

1989 சட்டமன்றத் தேர்தல் தொடங்கி 2019 மக்களவைத் தேர்தல் வரை நான் தேர்தல் பணி பார்த்திருக்கிறேன். வாக்குச்சீட்டை மடித்துப் பெட்டியில் போட்ட காலமும் தெரியும், மின்னணு இயந்திரமும் தெரியும். முந்தின நாளே ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கி, பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, விடியுமுன் எழுந்து குளித்து, ஏஜெண்டுகள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, சீல் வைத்து, நாள் முழுக்க இடது ஆட்காட்டி விரல்களில் மை வைத்து, 17சி படிவத்தில் கணக்கு எழுதி, ராத்திரி மண்டல அலுவலர் வண்டி வரும்வரை இயந்திரத்துக்குக் காவல் இருந்தவர்கள் நாங்கள். உங்களில் சில பேர் இப்போது ஆசிரியர்களாகி அதே பெஞ்சில் படுக்கிறீர்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் இது எதுவும் கிடையாது. தேர்தலுக்குப் பதினெட்டு நாளைக்கு முன்பே வாக்குச்சீட்டு ஒவ்வொரு வாக்காளருக்கும் தபாலில் போய்விடுகிறது. சமையலறை மேசையில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே நிரப்புகிறார்கள். உறையின் மேல் கையெழுத்துப் போட்டு, தபால்பெட்டியில் சேர்த்தால் போதும். தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. இல்லையென்றால் நூலகம், நகராட்சி அலுவலகம் பக்கத்தில் கனத்த இரும்புப் பெட்டி நிறுத்தியிருக்கிறார்கள், அதில் போடலாம். தேர்தல் நாள் இரவு எட்டு மணிக்கு அந்தப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

எனக்கு முதலில் வந்த கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். "அப்ப கள்ள ஓட்டு?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வாங்க அத்தை, நேர்லயே காட்டுறேன்" என்று ரென்டன் என்ற ஊரில் இருக்கும் கிங் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். கவுண்டி என்பதை நம் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை நடக்கும் கூடத்தைச் சுற்றிப் பொதுமக்கள் நடந்து பார்க்கிற மாதிரி வழி விட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் வேலை. உறையில் இருக்கிற கையெழுத்தையும், அந்த வாக்காளர் ஏற்கெனவே பதிவில் கொடுத்திருக்கிற கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் ஓட்டைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. அந்த ஆளுக்குத் தகவல் சொல்லி, சரிசெய்து தர அவகாசம் தருகிறார்கள். கையெழுத்து சரி என்று ஆன பிறகுதான் உறை பிரிகிறது. அதற்குப் பிறகு யார் ஓட்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்சிகளின் பார்வையாளர்களும் இருக்கலாம். நான் ரொம்ப நேரம் அந்தக் கண்ணாடி முன்னால் நின்றேன். ஊர் வேறு, முறை வேறு, ஆனால் ஒவ்வொரு கட்டிலும் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிற அந்த முகங்கள் எனக்குத் தெரிந்த முகங்கள்தான்.

நம் தேர்தல் ஆணையம் மாதிரி நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்துகிற ஓர் அமைப்பு அங்கே இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. நடத்துவது பெரும்பாலும் கவுண்டிகள்தான். நாட்டில் மூவாயிரத்துக்கு மேல் கவுண்டிகள். ஒரு மாநிலத்தில் வாக்குச்சாவடியில் அடையாள அட்டை காட்ட வேண்டும், இன்னொன்றில் வேண்டாம். ஒன்றில் எல்லாமே தபாலில், இன்னொன்றில் வரிசையில் நிற்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பெரிய தேர்தலுக்குப் பிறகும் இத்தனை சண்டை, இத்தனை வழக்கு. இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு மேல் என்று நான் மகளிடம் சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள்.

அடுத்தது, எதற்கெல்லாம் ஓட்டு என்பது.

மகள் வீட்டு அலமாரியில் 2024 நவம்பர் தேர்தலின் வாக்காளர் கையேடு கிடந்தது. ஓட்டு இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீட்டுக்கும் அதை அனுப்புகிறார்கள். பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டினேன். ஜனாதிபதி, செனட்டர், கவர்னர் என்பது நாம் டிவியில் பார்ப்பது. அதற்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது பட்டியல். கவர்னரையும் சேர்த்து ஒன்பது மாநிலப் பதவிகளுக்கு நேரடித் தேர்தல். மாநிலக் கருவூலத்தைப் பார்க்கிறவர், கணக்குத் தணிக்கை செய்கிறவர், அரசு வழக்கறிஞர், அரசு நிலங்களைக் கவனிக்கிறவர், காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கிறவர் எல்லோரும் மக்கள் ஓட்டில் வருகிறவர்கள். பள்ளிக் கல்வித் துறைத் தலைவரும் அப்படித்தான்! நம் பள்ளிக் கல்வி இயக்குநரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துப் பாருங்கள். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அங்கே ஓட்டுத்தான்.

இது போதாதென்று தீயணைப்புக்கு ஒரு மாவட்டம், ஆஸ்பத்திரிக்கு ஒரு மாவட்டம், குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஒரு மாவட்டம், சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்கள். "கருமாதி வரைக்கும் எலெக்‌ஷன்தானா?" என்று கேட்டேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கையேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. ஒரு திட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டால், ஆதரிப்பவர் தரப்பையும் எதிர்ப்பவர் தரப்பையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அச்சிடுகிறார்கள். பிறகு ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதிலும் உண்டு. எல்லாம் அரசாங்கச் செலவில். நம் பள்ளிப் பட்டிமன்றம் மாதிரிதான், நடுவர் மட்டும் வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்.

இவ்வளவு ஓட்டு இருப்பதால் எல்லோரும் போடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனாதிபதி தேர்தல் இல்லாத வருஷத்தில், அதிலும் பிப்ரவரி, ஏப்ரல் மாதங்களில் வருகிற சின்னத் தேர்தல்களில், பாதிப்பேர்கூடப் போடுவதில்லை. நம் தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தலில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் வெயிலில் வரிசையில் நின்று போட்டார்கள். அங்கே வீடு தேடி வந்த சீட்டு பழைய பேப்பரோடு பேப்பராகக் குப்பைக்குப் போகிறது.

இனி பள்ளிக்கூடக் கதைக்கு வருகிறேன்.

பேத்தி நான்காம் வகுப்பு. அரசுப் பள்ளிதான். அங்கே பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அரசுப் பள்ளிகளில்தான் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டடம் பழையது, பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் மைதான ஓரத்தில் பெரிய மரப்பெட்டி மாதிரி தற்காலிக வகுப்பறைகள் வைத்திருக்கிறார்கள். 'போர்ட்டபிள்' என்கிறார்கள். பேத்தியின் வகுப்பு அதில்தான். கழிப்பறைக்குப் போவதென்றால் மழையில் நனைந்துகொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓட வேண்டும். சியாட்டில் பக்கம் குளிர்காலத்தில் மழை பெய்யாத நாளை எண்ணிவிடலாம். "அம்மாச்சி, இன்னிக்கு என் சாக்ஸ் நாலு தடவை நனைஞ்சுது" என்று கணக்குச் சொல்வாள். மரத்தடியில் வகுப்பு எடுத்த எனக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. ஆனால் எந்த ஊரானாலும் பிள்ளையின் ஈரக் கால் ஈரக் கால்தான்.

புதுக் கட்டடம் கட்ட வேண்டும் என்றால் யாரிடம் மனுக் கொடுப்பது? கலெக்டர் இல்லை, எம்.எல்.ஏ. இல்லை. அங்கே பள்ளிகளை நடத்துவது 'பள்ளி மாவட்டம்' என்ற தனி அமைப்பு. அதற்கு ஐந்து பேர் கொண்ட ஒரு போர்டு. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது அவர்களுக்குப் பிழைப்பு இல்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூட்டத்துக்கு வருகிறவர்கள். கண்காணிப்பாளரை நியமிப்பது, பட்ஜெட் போடுவது, எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளி என்று எல்லை வகுப்பது எல்லாம் இவர்கள் கையில்.

நவம்பரில் ஒரு நாள் மகள் கூட்டத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பெரிய மேடை, பொன்னாடை, மாலை எதுவும் இல்லை. ஒரு நீள மேசை, பின்னால் ஒரு கொடி, எதிரே நாற்காலிகள். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டு பேரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாணவர் பிரதிநிதிகளாம், ஓட்டு இல்லை, கருத்துச் சொல்லலாம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் ஒரு தாளில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு மூன்று நிமிஷம். பச்சை விளக்கு எரியும், மஞ்சள் வரும், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். யாராக இருந்தாலும் அதே மூன்று நிமிஷம்தான்.

மகள் எழுதி வைத்ததைப் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தமிழில் சொன்னாள். "எனக்கு இந்த நாட்டில் ஓட்டு இல்லை. பதினான்கு வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன், வரி கட்டுகிறேன். என் மகள் இங்கே பிறந்தவள். இந்தக் கட்டடத்துக்காக என் வரி கூடினால் சந்தோஷமாகக் கட்டுவேன். ஓட்டு இருக்கிறவர்கள் எனக்காகவும் யோசித்துப் போடுங்கள்." இவ்வளவுதான். ஒருவரும் "நீ யார் பேச?" என்று கேட்கவில்லை. போர்டுக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. அடுத்து ஒரு பெரியவர் எழுந்து, விலைவாசி இருக்கிற இருப்பில் இன்னொரு வரியை எங்கள் தலையில் ஏற்றாதீர்கள் என்றார். அவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஐந்து பேரும் இரண்டையும் ஒரே மாதிரி குறித்துக்கொண்டார்கள்.

போர்டு தீர்மானம் போட்டது. ஆனால் கட்டடம் கட்டப் போர்டின் தீர்மானம் போதாது. மக்களிடம் கேட்க வேண்டும். கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, அந்தக் கடனைப் பல வருஷம் வீட்டு வரியில் சேர்த்து அடைப்பதுதான் வழி. அதற்குப் பிப்ரவரியில் வாக்கெடுப்பு.

இந்த இடத்தில் ஒரு சட்டம் எனக்கு ஆச்சரியம். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி, தன் கட்டடத்துக்கே "ஆதரவு கொடுங்கள்" என்று பிரச்சாரம் செய்யக் கூடாது. தகவல் சொல்லலாம்: எவ்வளவு செலவு, எவ்வளவு வரி கூடும், எத்தனை வகுப்பறை. அதற்கு மேல் வேலை நேரத்தில், பள்ளிக் காகிதத்தில், பள்ளிக் கணினியில் ஒரு வார்த்தை கூடாது. பிரச்சாரமெல்லாம் பெற்றோர்கள் தனியாகக் குழு அமைத்துச் செய்ய வேண்டும். பணம் அவர்கள் திரட்ட வேண்டும், வீட்டு முன்னால் நடும் அட்டை அவர்கள் அடிக்க வேண்டும். மகளால் நன்கொடைகூடத் தர முடியாது. நிரந்தரக் குடியிருப்பு உரிமை இல்லாத வெளிநாட்டவர் தேர்தல் காரியத்துக்குப் பணம் தரச் சட்டம் விடாது. உழைப்பைத் தரலாம். சனிக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

மகளுக்கு ஏன் ஓட்டு இல்லை என்று சில பேர் கேட்பீர்கள். வேலை விசாவில் போனவர்களுக்கு முதலில் கிரீன் கார்டு வர வேண்டும். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் வருஷத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று உச்சவரம்பு. இந்தியா மாதிரி ஆள் அதிகமாகப் போகிற நாட்டுக்கும் அதே 7, சின்னஞ்சிறு நாட்டுக்கும் அதே 7. அதனால் நம் பிள்ளைகளின் வரிசை பல வருஷ நீளம். கார்டு வந்த பிறகும் பொதுவாக ஐந்து வருஷம் கழித்துத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். பேத்தி அங்கே பிறந்ததால் பிறவிக் குடிமகள். அந்த மாநிலத்தில் 16 வயதிலேயே பெயரை முன்பதிவு செய்துகொண்டு 18-ல் ஓட்டுப் போடலாம். வீட்டில் முதல் ஓட்டு அவளுடையதாகவே இருக்கும் போலிருக்கிறது.

இதற்கு நடுவில் மாப்பிள்ளைக்கு நீதிமன்றத்தில் ஜூரியாக வரச் சொல்லிச் சம்மன் வந்தது. வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் சாதாரணப் பொதுமக்கள்தான் ஜூரி. நம் நாட்டில் அந்த முறை எப்போதோ போய்விட்டது. அங்கே வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் பட்டியலையும் சேர்த்துக் குலுக்கல் முறையில் எடுப்பதால் இவர் பெயரும் விழுந்துவிட்டது. "குடிமகன் அல்ல" என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டு, "வரிக்கு மட்டும் நம்ம ஞாபகம் தப்பாம வருது அத்தை" என்றார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்த நாடு பிறந்த கதையை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று சொல்லித்தான் பிரிட்டனோடு மோதினார்கள். 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளினார்கள். இன்று அதே நாட்டில் வரி கட்டி வாக்கு இல்லாமல் இருப்பவர்கள் லட்சக்கணக்கில். இதை எல்லா ஊரும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 2016-ல் மக்களே ஓட்டுப் போட்டு, பள்ளி போர்டுத் தேர்தலில் மட்டும் குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஓட்டுப் போடலாம் என்று முடிவு செய்தார்கள். 2018-ல் அது நடைமுறைக்கு வந்தது. மகள் இருக்கும் ஊரில் அப்படி இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது எழுபதுக்கு மேல், தனியாக இருக்கிறார். என்னோடு சைகையிலும் என் அரைகுறை இங்கிலீஷிலும் நன்றாகப் பழகினார். நான் முறுக்குக் கொடுத்தால் அவர் ஆப்பிள் பண்டம் செய்து கொடுப்பார். மகள் அவர் வீட்டுக்கும் ஆதரவு கேட்டுப் போனபோது, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தன் வீட்டு வரிச் சீட்டை எடுத்துக் காட்டினார். வருஷத்துக்கு இரண்டு தவணை, ஏப்ரல் 30, அக்டோபர் 31. அந்தச் சீட்டில் மாநிலப் பள்ளிக்கு இவ்வளவு, உள்ளூர்ப் பள்ளிக்கு இவ்வளவு, கவுண்டிக்கு, நகரத்துக்கு, துறைமுகத்துக்கு, நூலகத்துக்கு, ஆம்புலன்சுக்கு என்று வரி வரியாகப் பிரித்துப் போட்டிருக்கிறது. நம் வீட்டு வரி ரசீதில் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். 61 வயது தாண்டி வருமானம் குறைவாக இருப்பவர்களுக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் அந்த அம்மாளின் வருமானம் வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. "உன் மகளை எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் இந்தத் தடவை வேண்டாம் என்றுதான் போடப் போகிறேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மகள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல அவருக்குக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக் கொடுத்தாள்.

பிப்ரவரி இரண்டாம் செவ்வாய் வாக்கெடுப்பு நடந்தது. முடிவு ஒரே நாளில் வராது. தபாலில் வரும் ஓட்டுகளைத் தினமும் எண்ணிக் கூட்டிக்கொண்டே போவார்கள். பத்து நாள் கழித்து உறுதியானது. வேண்டும் என்றவர்கள் 57 சதவீதம். வேண்டாம் என்றவர்கள் 43.

நம் பக்கம் வெற்றி என்றுதானே நினைப்பீர்கள்? தோல்வி. பள்ளிக் கட்டடக் கடனுக்கு அந்த மாநிலத்தின் அரசியல் சட்டப்படி 60 சதவீதம் வேண்டும். பேத்தி தாளில் 57, 43 என்று எழுதி, நடுவில் பெரியது என்ற குறியைப் போட்டு என்னிடம் நீட்டினாள். "அம்மாச்சி, 57 தானே பெருசு? நீங்க டீச்சர்தானே, சொல்லுங்க."

கணக்குப்படி அவள் போட்ட குறி சரி. நான் அவளுக்கு வேறு விதமாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேர் வேண்டாம் என்றால் மூன்று பேர் வேண்டும் என்று சொல்லியாக வேண்டும், அதுதான் 60. பல வருஷக் கடனை ஊர் முழுக்கத் தலையில் ஏற்றுகிற காரியம், அதனால் பாதிக்குக் கொஞ்சம் மேலே போதாது என்று வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரி இருப்பவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. இன்னொரு பக்கம் பார்த்தால், வேண்டாம் என்பவரின் ஓட்டுக்கு ஒன்றரை மடங்கு எடை. அதுவும் உண்மை. பள்ளிகளின் அன்றாடச் செலவுக்கான வரிக்கும் முன்பு 60 சதவீதம்தான் கேட்டார்கள். 2007-ல் மாநிலம் முழுக்க வாக்கெடுப்பு வைத்து, நூலிழையில் ஜெயித்து, அதைப் பாதிக்கு மேல் இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். கட்டடக் கடனுக்கு மட்டும் பழைய விதி அப்படியே நிற்கிறது.

"அப்ப விதி சரியா தப்பா?" என்றாள். "நீ பெரியவளாகி ஓட்டுப் போடுவாய் அல்லவா, அப்போது நீயே முடிவு செய்" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சாக்ஸ் நனைகிற பிள்ளைக்கு எப்படிப் பிடிக்கும்?

மகளிடம் அன்று ராத்திரி கேட்டேன். "ஏம்மா, ஓட்டும் இல்லை, இத்தனை வாரம் மழையில் நடந்தும் தோற்றுப்போச்சு. இந்த ஊர் உனக்கு என்ன ஊர்?" அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஓட்டு இல்லாதவளுக்கு வாய் இருக்குல்லம்மா. வாயையும் மூடிக்கிட்டா அப்புறம் நிஜமாவே நான் யாரோ ஆயிடுவேன்." அடுத்த மாதம் போர்டுக் கூட்டத்துக்கு மறுபடியும் போனாள். கட்டடத்தின் அளவைக் குறைத்து இன்னொரு முறை மக்களிடம் போகலாமா என்று போர்டு யோசிக்கிறது. அதற்கான ஆலோசனைக் குழுவில் பெற்றோர்களையும் சேர்க்கிறார்கள். மகள் பெயர் கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாளும் பெயர் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று போட்டவர் குழுவில் இருந்தால்தானே எது அதிகம் என்று தெரியும்!

அமெரிக்கா சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜனாதிபதியை நேரடி ஓட்டு எண்ணிக்கையால் தேர்ந்தெடுக்காத நாடு அது. 2000-லும் 2016-லும் நாடு முழுக்கக் குறைவான ஓட்டு வாங்கியவர்தான் ஜனாதிபதி ஆனார். பணம் தேர்தலில் ஆறாக ஓடுகிறது. டிவியைப் போட்டால் ஒரே கூச்சல். ஆனால் அந்தக் கூச்சலுக்குக் கீழே, ஒரு சாயங்காலம், முப்பது நாற்காலி போட்ட அறையில், தெரிந்த முகங்கள் முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பார்த்தது அந்த அறையை.

அந்த அறை நம்மிடமும் சட்டத்தில் இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். கிராம சபை தமிழ்நாட்டில் வருஷத்துக்கு ஆறு தடவை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். யாரும் ஓட்டுப் போட்டு உங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. என் மகள் பதினான்கு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிற உரிமை உங்களுக்கு 18 வயதில் தானாக வந்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் தீர்மானப் புத்தகம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவது உங்களுக்குத் தெரியாததல்ல.

அதனால் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். உள்ளூரில் இருக்கிறவர்கள் அடுத்த கிராம சபைக்கு ஒரு தடவை போய் உட்காருங்கள். வரவுசெலவுக் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் பள்ளிக்குப் பின்பக்கச் சுற்றுச்சுவர் இன்னும் இல்லை என்று நானே கேட்கப் போகிறேன். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அப்பா அம்மா யாராவது ஒருவர் போங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உங்கள் ஊர்ப் பள்ளி போர்டுக் கூட்டம் என்றைக்கு என்று பாருங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

போனவர்கள் கீழே எழுதுங்கள். யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்று இரண்டு வரி போதும். நான் திருத்தி மார்க் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்